ஐந்து ஓட்டை விழுந்த செம்புத் தகடு

விருதுநகர் ரயில் நிலையத்தில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். போலீஸ்காரர் உன் செம்புத் தகட்டை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "என்ன சார் இது, பூசை சாமானா?" என்றார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஆமாம் என்று சொல்லி, அதற்கு ஒரு தலபுராணமும் சொல்லியிருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. லேப் சாமான் என்றேன். நம்பாமலேதான் திருப்பிக் கொடுத்தார்.

ரயில் தாமதமாம். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கையில் செம்பு வாசம். பெங்களூரில் வருஷக்கணக்காக ஒவ்வொரு காலையும் இந்த வாசத்தோடுதான் வேலையை ஆரம்பித்தேன்; அப்போதெல்லாம் அது மூக்குக்குத் தெரிந்ததில்லை. தாயில்பட்டியில் உன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன். நீ ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் சந்தித்ததே பேச்சினால்தான். ஆராய்ச்சி நிலையத்து மெஸ்ஸில் சாம்பார் வாளியை வைத்துக்கொண்டு முழித்த பையனிடம் நீ, "அங்கன வைங்க, நாங்களே ஊத்திக்கிடுறோம்" என்றாய். இரண்டு மேசை தள்ளி இருந்த நான் தட்டோடு எழுந்து வந்துவிட்டேன். "எந்த ஊரு?" என்று கேட்டேன். "வெம்பக்கோட்டைப் பக்கம். நீங்க?" "சாத்தூருக்குத் தெக்க." அவ்வளவுதான், மறுநாளே 'நீங்க' போய் 'ஏலே' வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பருத்தியும் உளுந்தும் போடுகிறவர்கள். உன் அம்மா பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவர். ஊரில் இருந்தவரை உன்னை எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அணுவைக் குளிரவைக்க அத்தனை தூரம் போய்த்தான் பக்கத்து ஊர்க்காரனைப் பார்க்க வேண்டியிருந்தது.

தகடு வந்த கதையை இப்போது இருக்கும் மாணவர்களுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். நம் லேசருக்கு உயிர் அதன் டயோடு. கடுகளவு பொருள், ஆனால் உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் கையிலிருந்து ஒரு பொறியாகத் தாவினால் செத்துப்போகும். பெங்களூர் குளிர்காலத்தில் பாலியெஸ்டர் சுவெட்டர் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார். புது டயோடு வந்து சேரும்வரை மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தோம். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள எர்த் பட்டை இருந்தது. மாட்டத்தான் ஆள் இல்லை. நீ ஒர்க்‌ஷாப்பில் கிடந்த செம்புத் தகட்டை எடுத்து வந்து, எர்த் ஒயரைப் பற்றவைத்து, வாசல் பக்கத்துச் சுவரில் மாட்டினாய். "எங்க அம்மா கம்பெனியில ரூமுக்கு ரூம் இது இருக்கும்லே. ரெண்டு கையும் வச்சிட்டுத்தான் உள்ள போகணும். போர்மேனா இருந்தாலும் சரிதான்."

அளக்காமலேயே ஓட்டை போட்டாய். நாலாவது ஓட்டை தப்பான இடத்தில் விழுந்ததால் பக்கத்தில் இன்னொன்று போட்டாய். "இது என்ன லேபா, கோயிலா?" என்று நான் கேட்டதற்கு, "கோயில்னு நெனச்சாவது தொடுறீகளான்னு பாப்போம்" என்றாய். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் நம்மைப் பார்த்து அவரும் இரண்டு கையையும் வைத்தார். வைத்துவிட்டுக் கும்பிட்டார். நீ அவருக்குப் பின்னால் நின்று முகத்தை இறுக்கிக்கொண்ட காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு டயோடு ஒன்றுகூடப் போகவில்லை.

நாம் செய்த வேலையைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் சம்பந்தமா" என்று மழுப்பிவிடுவோம், நினைவிருக்கிறதா? இந்த முறை மழுப்ப முடியவில்லை. அதனால் முதலிலிருந்தே எழுதிப் பார்க்கிறேன். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஒரு பிட் பூஜ்யமாக இருக்கும், அல்லது ஒன்றாக இருக்கும். க்யூபிட் ஒரே நேரத்தில் இரண்டின் கலவையாகவும் இருக்க முடியும். ஒற்றை அணுவை லேசரால் பிடித்து வைத்து க்யூபிட்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அழகான வேலை. ஆனால் வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு காற்றுத் துணுக்கு வந்து இடித்தால் அணு போய்விடும். அதோடு க்யூபிட்டும் போய்விடும்.

நீ ஆரம்பத்திலிருந்தே அந்தப் பக்கம் போகவில்லை. ரூபிடியம் அணுக்களைச் சில நூறாகக் கூட்டிவைத்து, அந்தக் கூட்டம் முழுவதையும் சேர்த்து ஒரே க்யூபிட்டாக்க வேண்டும் என்றாய். கூட்டத்தில் யாருமே கிளர்ந்து எழவில்லை என்றால் பூஜ்யம். யாரோ ஒருவர் மட்டும் எழுந்திருந்தால் ஒன்று. அந்த ஒருவர் யார் என்பது நமக்கும் தெரியாது, அணுக்களுக்கும் தெரியாது. ஒரே கிளர்ச்சியை எல்லாருமாகப் பங்கு போட்டுக்கொண்டு இருப்பார்கள். யார் என்று துருவிப் பார்த்தால் அந்தப் பங்கே கலைந்துவிடும். "ஒத்தை ஆளை நம்பி ஒரு வீடு இருக்கக் கூடாதுலே" என்று நீ அடிக்கடி சொல்வாய். நான் அதை இயற்பியல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் எழுவதற்கு ஒரு வழி இருக்கிறது. லேசர் பட்டு ஓர் அணு மேல்நிலைக்குப் போகும்போது பெரிதாக வீங்கிவிடும். அதன் நெருக்கத்தில் இருக்கும் மற்ற அணுக்களின் நிலைகள் அதனால் நகர்ந்துபோகும். அதே லேசர் அவற்றுக்குப் பொருந்தாமல் போய்விடும். ஒன்று எழுந்தால் மற்றவை எழ முடியாது. இது நடக்கக் கூட்டம் நெருக்கமாக இருக்க வேண்டும், தலைமுடியின் பருமனைவிடச் சின்னப் பொட்டுக்குள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஒன்று வர வேண்டிய இடத்தில் கருவி இரண்டு காட்டியது, சில நேரம் மூன்று. லேசரைச் சந்தேகித்தோம், கருவியைச் சந்தேகித்தோம், கடைசியில் ஒருவரை ஒருவர் சந்தேகித்தோம். பிறகுதான் பார்த்தேன், கூட்டம் நீளவாக்கில் இழுத்துக்கிடந்தது.

"ஏலே, இந்தக் கடைசியில நடக்கிறது அந்தக் கடைசியில இருக்கவனுக்குத் தெரியலை. நெருக்கு" என்றேன்.

"நெருக்குனா மோதிக்கிடும். சூடேறி எல்லாம் ஓடிப்போயிரும்."

"கொஞ்சம் மோதட்டும்."

"நீ சம்சாரி வீட்டுப் பிள்ளை, பருத்திக் காட்டுல வளந்தவன். உனக்கு என்னலே தெரியும்?"

மோதினால் சூடேறும் என்பதும் பொய்யில்லை. அதனால்தான் உன் தயக்கத்துக்கு வேறு காரணம் இருப்பதைக் கண்டுபிடிக்க அத்தனை நாள் பிடித்தது. அணுக்களைப் பிடித்துவைக்கும் லேசர்ப் பொறியை நான் சாயங்காலம் திருகி இறுக்கிவிட்டுப் போவேன். மறுநாள் வந்து பார்த்தால் தளர்ந்திருக்கும். யார் வேலை என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. ஒருநாள் மத்தியானம் கேன்டீனில் வைத்து, "ஒரு வருஷ வேலையை உன் பிடிவாதத்துக்குப் பலி கொடுக்கணுமா?" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ டீயை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாய்.

"நாங்க சின்னப் பிள்ளையா இருக்கப்ப நடந்தது. சீசன். ஆர்டர் ஏறிக் கெடந்ததால நாலு பேரு உக்கார வேண்டிய ரூமுக்குள்ள கூட ஆள் வச்சு வெடிக்கு மருந்து செலுத்துனாங்க. எங்க அம்மா அன்னைக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தாக, ஆடி வெள்ளின்னு. அவுக எடத்துல பக்கத்து வீட்டு அத்தை உக்காந்தாக. அந்த ரூம்ல இருந்து ஒருத்தரும் வரலை." பிறகு கையை விரித்துக் காட்டி, "நெருக்கி உக்கார வைன்னா எனக்குக் கை போக மாட்டேங்குதுலே. நான் வேணும்னு செய்யலை. திருகைப் பிடிச்சா அது தானா அந்தப் பக்கம் திரும்புது" என்றாய்.

உலகத்தில் எத்தனையோ பேர் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். அணுக்களுக்கு இடைவெளி விட்டு உட்காரவைத்துக் கெடுத்தவன் நீ ஒருவன்தான். டீயை மட்டும் குடிக்கச் சொன்னேன்.

மறுநாள் திருகை நீயே பிடித்தாய். நான் பக்கத்தில் நின்றேன். கூட்டம் சுருங்கிப் பொட்டானது. கருவி ஒன்று காட்டியது. திரும்பவும் ஒன்று. எத்தனை முறை ஓட்டினாலும் ஒன்றுதான். நான் கைதட்டினேன். நீ திரையையே பார்த்துக்கொண்டு, "ஒருத்தனுக்குத் தீப்பிடிச்சா மத்தவனுக்குப் பிடிக்காத ரூம்" என்றாய். பிறகு, "எங்க அம்மாட்ட இதைச் சொல்லணும்லே" என்றாய். ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போய் வந்ததும் சொன்னாயா என்று கேட்பேன். "எங்க? சாப்பிட்டியா, ஏன் இப்படி எளைச்சுப் போனன்னு கேக்கவே அவுகளுக்கு நேரம் சரியாப்போச்சு" என்பாய். உனக்கு அந்தப் பழைய ரூமைப் பற்றி அவர்களிடம் வாயெடுக்கத் தைரியம் இல்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்த கேள்விதான் உன் கேள்வி. க்யூபிட்டைக் கூட்டத்தில் பத்திரப்படுத்தி வைத்துவிட்டு, வேண்டுமென்றே சில அணுக்களைத் தள்ளிவிட்டால் மிச்சம் தாங்குமா? தாங்கும் என்று கணக்கு சொல்கிறது. கணக்கு சொல்வதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல என்பாய். அதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதுதான் உனக்கு வயிற்று வலி வந்தது. மெஸ் சாப்பாடு என்றாய். கட்டி என்றார்கள் டாக்டர்கள்.

மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது பாதியாகிப் போயிருந்தாய். உடம்பைப் பற்றி நான் கேட்பதற்கு முன்னால் நீ கேட்டுவிட்டாய். "கொஞ்சத்தைத் தள்ளிவிட்டுப் பாத்தியா? மிச்சம் தாங்குதா?"

உன் மச்சான் வாசலிலேயே என்னை நிறுத்தி, "தாங்குதுன்னு சொல்லிருங்க சார். நிம்மதியா இருப்பாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். ஆனால் உன்னைத் தெரியாத மனுஷன். "இன்னும் தெரியலைலே. ஒரே இரைச்சலா இருக்கு. எந்த அளவையும் நம்ப முடியலை" என்றேன். நீ கண்ணை மூடிச் சிரித்தாய். "தாங்குதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றாய். நான் பெங்களூர் திரும்பிய வாரத்திலேயே போய்விட்டாய். உன்னை எடுத்த அன்று சாத்தூரிலிருந்து உன் ஊருக்கு வரும்போது பஸ்ஸில் யாரோ தீபாவளி லோடு ஏற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சீசனுக்குச் சாவு தெரியாது.

இரைச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாய். பக்கத்துக் கட்டிடத்து லிஃப்ட். அது மேலே போகும்போதும் கீழே வரும்போதும் அதன் காந்தப்புலம் நம் அணுக்களை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் லிஃப்ட் பழுதாகி நின்றது. அன்றைக்கு நம் அளவு துடைத்துவைத்த மாதிரி வந்தது. நாம் படித்த படிப்புக்கு ஒரு லிஃப்ட் கெட்டுப்போக வேண்டியிருந்தது.

பழுது பார்க்கிறவர்கள் வந்து சேர்வதற்குள் உன் சோதனையைச் செய்து முடித்தோம். சில அணுக்களைத் தள்ளிவிட்டு, மிச்சக் கூட்டத்திலிருந்து ஒளியாக வாசித்தோம். எல்லா அணுவும் சேர்ந்து ஒரே திசையில் ஒரே ஓர் ஒளித்துகளை அனுப்ப வேண்டும். அனுப்பியது. தாங்குகிறது. போன பங்குக்கு மங்கியது, அதற்கு மேல் இல்லை. லிஃப்ட் ஓடாத இன்னொரு நாள் பார்த்துத் திரும்பவும் செய்தோம். அதேதான்.

இதுதான் நீ கேட்ட பதில். நான் எதிர்பார்த்த அளவு சந்தோஷம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று லேபில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஓர் அணு போனாலும் கூட்டம் தாங்குவது போல அவர் போனாலும் அவர் வேலை நம் எல்லாரிடமும் இருக்கிறது என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. நூற்றுக்கணக்கில் இருந்து ஒன்று போனால்தான் கூட்டம் தாங்கும். நீயும் நானும் நூற்றுக்கணக்கில் இல்லை. இரண்டு பேரில் ஒருவர் போனால் எவ்வளவு மங்கும் என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரிய வேண்டாமா? வெளியே வந்து, திரும்ப உள்ளே போகும்போது பழக்கத்தில் தகட்டில் கையை வைத்தேன். அழுதுவிட்டேன்.

லிஃப்டின் புண்ணியத்தில் நம் லேபைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றுகிறார்கள். சாமான்களைக் கழற்றிய அன்று தகட்டை அதன் நாலு திருகாணியோடு நானே கழற்றினேன். புது வாசலுக்குப் பளபளவென்று வேறு தகடு கடையில் கிடைக்கும். இது உன் கையால் செய்தது. உன் அம்மாவிடம் சேர்வதுதான் நியாயம் என்று நினைத்தேன். அதற்குத்தான் இந்தப் பயணம்.

"வாங்க தம்பி. சாப்பிட்டீகளா?" என்றார்கள் உன் அம்மா. இல்லை என்று சொல்வதற்குள் தட்டு வந்துவிட்டது. இப்போது வேலைக்குப் போவதில்லை. வேன் ஹாரன் கேட்டால் மட்டும் கை தானாகத் துண்டைத் தேடுகிறதாம். சாப்பிட்டு முடிந்ததும், "நீங்க ரெண்டு பேரும் அம்புட்டு வருஷமா அங்கன என்னதான் செஞ்சீக? அவன் ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டான்" என்று கேட்டார்கள்.

நீ சொல்ல நினைத்ததை நான் சொன்னேன். எனக்கு வந்த மாதிரி சொன்னேன். "ஒரு சின்ன ரூம்மா. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. அதுக்குள்ள நூத்துக்கணக்குல நெருக்கி உக்கார வச்சோம். ஒண்ணுக்குத்தான் தீப்பிடிக்கும். ஒண்ணுக்குப் பிடிச்சதும் மத்ததுக்குப் பிடிக்கவே பிடிக்காது."

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். "அப்படி ஒரு ரூம் உண்டா?"

"உண்டும்மா. உங்க மகன்தான் நெருக்கி வச்சான்."

"யாருக்குப் பிடிச்சுச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது. யாருன்னு தெரியாம இருக்க வரைக்கும்தான் அது நெலைக்கும். எல்லாருக்கும் அதுல பங்கு."

கை துடைத்த துணியை மடித்து மடியில் வைத்தார்கள். தெருவில் ஒரு ஆட்டோ போய்ச் சத்தம் அடங்கியது. பிறகு மெதுவாக, "தெரியாம இருக்கது நல்லதுதான் தம்பி. எனக்குத் தெரியும்ல, யாருன்னு" என்றார்கள். அந்த அத்தை இருந்த பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அந்தச் சுவரை அவர்கள் இத்தனை வருஷமும் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ ஏன் சொல்லாமல் விட்டாய் என்று அப்போதுதான் புரிந்தது. சொன்னது தப்போ என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர்கள் என் தோளைத் தட்டி, "சொன்னீகளே, அது போதும்" என்றார்கள்.

தகட்டை எடுத்துக் கொடுத்தேன். என்ன, ஏது என்று நான் சொல்லவே இல்லை. பார்த்த உடனே இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தார்கள். கண்ணை மூடவில்லை, கும்பிடவில்லை. வேலைக்குள் போகிறவர் வைக்கிற மாதிரி வைத்து எடுத்தார்கள். "இவன் செஞ்சதா?" "ஆமாம்மா. லேப் வாசல்ல வச்சிருந்தான்." திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். விரல் தப்பான இடத்தில் விழுந்த ஓட்டையில் போய் நின்றது.

"அளக்காமப் போட்டிருக்கான் பாருங்க. சின்னதுல இருந்தே இப்படித்தான்." அவர்கள் அழுதது அந்த ஓட்டையைப் பார்த்துத்தான்.

முகத்தைத் துடைத்துவிட்டுத் தகட்டை என் கையிலேயே திருப்பி வைத்தார்கள். நான் வேண்டாம் என்று தள்ளினேன். "வீட்டுல வச்சு நான் என்ன செய்ய? இது வாசல்ல இருக்கணும் தம்பி. உள்ள போற பிள்ளைக தொட வேண்டாமா? கொண்டுபோயி மாட்டுங்க." பை வரைக்கும் கூடவே வந்தார்கள். நான் அதை உள்ளே வைத்து மூடப் போகும்போது சொன்னார்கள்: "அந்தத் தப்பு ஓட்டைக்கும் ஒரு ஆணி போட்டிருங்க. சும்மா விட்டிராதீக."

ரயில் வருவதாகச் சொல்கிறார்கள். வரும் வழியில் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு திருகாணி வாங்கினேன். ஒன்றே ஒன்றா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன், நாலு ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது.